அம்மாவின் ‘உடம்புச் சூடு’

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அடுப்பருகே நின்ற அம்மா திடீரென முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து, மின்விசிறியின் கீழ் வந்து உட்கார்ந்தார்கள். “ஒண்ணுமில்லேடா, உடம்புச் சூடு” என்றார்கள். “நாற்பத்தெட்டு வயசுலே எல்லாருக்கும் வர்றதுதானே!” என்றார் பெரியம்மா. விஞ்ஞானம் படிக்கும் நானும் தலையசைத்தேன். அதற்காகப் பின்னர் வெட்கப்பட நேர்ந்தது.

பெரியம்மா சொன்னதில் உண்மை உண்டு. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, அங்குள்ள சில நரம்பணுக்கள் அளவுமீறித் தூண்டப்படுகின்றன. வெப்பம் இம்மியளவு உயர்ந்தாலும் மூளை அதைப் பெருஞ்சூடெனக் கொண்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். சிலருக்குப் பின்னர் குளிரும். அந்நரம்பணுக்களின் வேகத்தைத் தணிக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது.

ஆனால் எல்லாச் சூடும் இந்தச் சூடு அன்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகுதியாகச் சுரந்தால் உடல் வெப்பம் தாங்காது, நெஞ்சு படபடக்கும், விரல்கள் நடுங்கும், நன்றாக உண்டாலும் உடல் இளைக்கும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் போன்ற மருந்துகளாலும் சூடு எழும்பும். புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பெறும் ஆண்களுக்கும் இது வருவதுண்டு. தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் உயர்ந்த இரத்த அழுத்தத்தோடு விட்டுவிட்டு வந்தால், அபூர்வமாக அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும். இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும்.

விடுதிக்குத் திரும்பிய இரண்டாம் மாதம் அம்மா தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: “பசி நல்லாத்தான் எடுக்குது, வளையல்தான் கையிலே நிக்க மாட்டேங்குது.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே தம்பியை அழைத்துப் போகச் சொன்னேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகுசுரப்பு என்று தெரிந்தது. வயது என்னும் திரைக்குப் பின்னால் நோய் மறைந்திருந்தது! இன்று மாத்திரையால் படபடப்பு தணிந்திருக்கிறது. வளையலும் கையில் நிற்கிறது.

நண்பர்களே! வீட்டைவிட்டு வெகுதூரத்தில் படிக்கிறோம். “சாப்பிட்டியா?” என்று நாள்தோறும் கேட்கும் அம்மாவிடம், “உங்கள் உடம்பு எப்படி?” என்று நாமும் கேட்போம். “ஒண்ணுமில்லே” என்று பதில் வந்தால், இன்னும் ஒருமுறை கேட்போம்.