நீரிறைக்கும் பம்பி நீர் தராதபோது

கிணற்று நீரைக்கொண்டு மிளகாய், வெங்காயம், மரக்கறி முதலியவற்றைச் செய்கை பண்ணுவோருக்கும், சிறுபோகத்திற் குளத்து நீர் குறைந்தவிடத்துக் கிணற்று நீரை நெல்வயலுக்குப் பாய்ச்சுவோருக்கும் பம்பி இன்றியமையாத சாதனமாகும். துலா மிதித்து இறைத்த காலத்திற் பழுது எங்கேயென்பது கண்ணுக்குத் தெரிந்தது. கயிறு அறும், அல்லது பட்டை கிழியும். பம்பியின் பழுது அத்தகையதன்று. இயந்திரம் வழக்கம்போல் ஓசையுடன் ஓடிக்கொண்டிருக்கும். நீர் மாத்திரம் வராது. இந்நிலையிலேதான் கமக்காரர் பலர் தவறான இடத்திற் குற்றந்தேடி வீண்செலவுக்கு உள்ளாகின்றனர்.

வலிகாமம் பகுதியிலே கமக்காரர் ஒருவர் இயந்திரத்தின் வலு குறைந்துவிட்டதெனக் கருதி அதனை முழுவதுங் கழற்றித் திருத்துவித்தார். மூன்று நாட்கள் கழிந்தன. வெங்காயம் குமிழ் திரளும் பருவம் அது. திருத்திய இயந்திரத்தைப் பூட்டியபோதும் நீர் வரவில்லை. யாம் சென்று உறிஞ்சு குழாயை வெளியே எடுத்துப் பார்த்தபொழுது, அதன் அடியிலுள்ள வால்வின் மூடியில் ஒரு பூவரசம் இலைக்காம்பு சிக்கியிருந்தது. அதனை அகற்றியவுடன் பம்பி நீரை இறைத்தது.

ஓர் இலைக்காம்பு இவ்வளவு செய்வது எங்ஙனம்? பம்பி நீரைப் பிடித்து மேலே இழுப்பதில்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பம்பியின் சில்லு சுழலும்போது அதனுள்ளிருக்கும் நீர் வெளியே வீசப்படுகின்றது. அவ்விடத்தில் அமுக்கம் குறைகின்றது. கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிவளியே நீரைக் குழாய் வழியாக மேலே தள்ளுகின்றது. பம்பிக்குள் நீருக்குப் பதிலாக வளி இருப்பின், சில்லு எவ்வளவு விரைவாகச் சுழன்றாலும் வளியின் பாரம் மிகச் சிறிதாகையால் போதிய அமுக்கக் குறைவு உண்டாகாது. ஆகவேதான் ஓட்டுமுன் பம்பியையும் உறிஞ்சு குழாயையும் நீரால் நிரப்புகின்றோம். அந்நீரைக் கீழே போகவிடாது தாங்குவது அடிவால்வு. அது முற்றாக மூடாவிடில் வார்த்த நீர் வழிந்துபோய் வளி புகும்.

எனவே பம்பி நீர் தராவிடின் இயந்திரத்தைத் தொடவேண்டாம். முதலிற் பம்பியின் வாயளவும் நீர் வார்த்துச் சிறிது நேரம் பார்த்திருங்கள். நீர்மட்டம் இறங்குமாயின் அடிவால்வோ, குழாயோ, மூட்டோ ஒழுகுகின்றது. நீர் நிரம்பியிருக்கும் இந்நேரத்திலேயே கிணற்றுக்கு மேலுள்ள மூட்டுகளையும் ஹோசையும் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். ஈரம் கசியும் இடமே குற்றமுள்ள இடம். பம்பி ஓடும்போது ஒழுக்கைத் தேடுவோர் ஏமாறுவர். ஏனெனில் அப்போது அவ்வெடிப்பினூடாக நீர் வெளியே வராது. வளியே உள்ளே செல்லும். மயிரளவு வெடிப்பும் போதுமானது. வெளியே ஒழுக்குக் காணப்படாது நீர் இறங்குமாயின் அடிவால்வைக் கழற்றி, இலை, மணல், நத்தையோடு ஆகியவற்றை அகற்றி, தோல் அல்லது இறப்பர் மூடி தேய்ந்திருப்பின் மாற்றுக. இலை உதிரும் மரத்தடியிலுள்ள கிணற்றுக்கு மேலே வலை விரித்தல் நன்று.

வார்த்த நீர் அப்படியே நின்றும் பம்பி இறைக்கவில்லையாயின் உயரத்தைக் கவனித்தல் வேண்டும். உறிஞ்சு பம்பிகள் 18 முழத்துக்குமேல் நீரைத் தூக்குவதில்லை என்பதை 1638 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றிற் கலிலியோ குறிப்பிட்டார். வெளிவளியின் பாரமே இவ்வெல்லைக்குக் காரணமென 1644 ஆம் ஆண்டிற் தொரிசெல்லி விளக்கினார். எத்துணைச் சிறந்த பம்பியாயினும் கடல்மட்டத்தில் 34 அடிக்குமேல் நீரை உறிஞ்சமுடியாது. குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால் நடைமுறையில் 22, 23 அடியே எல்லை. நுவரெலியா போன்று 6,000 அடிக்கு மேலுள்ள இடங்களில் வளியின் அமுக்கம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகையால் அங்குள்ள மரக்கறிச் செய்கையாளர் 17, 18 அடிக்குமேல் எதிர்பார்த்தலாகாது. இவ்வுயரம் நீர்மட்டத்திலிருந்து பம்பி வரையுள்ள நிலைக்குத்து உயரமாகும். அதனையும் காலையிலன்று, ஒரு மணி நேரம் இறைத்த பின்னரே அளத்தல் வேண்டும். காலையில் நன்றாக இறைத்துப் பின்னர் நின்றுவிடும் பம்பிகள் பலவற்றின் குறை இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கை. நீர் கீழே போய்விட்டதென்று பெற்றோல், மண்ணெண்ணெய் அல்லது டீசல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றுக்குள் தேங்கி நின்று சில நிமிடங்களில் உயிரைப் போக்கும். விழுந்தவரைத் தூக்கச் சென்றவரும் உடன் மாண்ட துயரம் பல முறை நிகழ்ந்துள்ளது. ஆழமான கிணற்றுக்கு நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பியே ஏற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ நன்னீருக்கு அடியிலே உவர்நீர் இருப்பதால் நீரைத் துரத்திக்கொண்டு கீழே செல்வதிலும் ஆபத்துண்டு. அங்கே சிறிது இறைத்து, ஊற விட்டு, மீண்டும் இறைத்தலே தக்கது.

உறிஞ்சு குழாய் பம்பியை நோக்கிப் படிப்படியாக உயர்ந்தே செல்லவேண்டும். கிணற்றுக் கட்டின்மேல் அது பம்பியிலும் உயரமாக வளைந்தால் அவ்வளைவில் வளி தங்கிவிடும். அடிவால்வு நீருக்குள் இரண்டடியாவது அமிழ்ந்திருத்தல் வேண்டும். குறைந்தால் நீர் சுழித்து வளியையும் இழுக்கும். கிணற்றின் அடியிலிருந்து ஓரடி உயர்ந்திருந்தால் மணல் ஏறாது. பழைய ஹோசின் உட்படை கழன்று வழியை அடைப்பதுமுண்டு. வெளியே புதிதுபோலத் தோன்றுவதால் இதனை எளிதிற் கண்டுபிடிக்க முடியாது. மாற்று ஹோசொன்றைப் பூட்டிப் பார்த்தே அறியலாம்.

இவை யாவும் சரியாயிருந்தாற்றான் சில்லில் அடைப்போ தேய்வோ உண்டாவெனப் பம்பியைத் திறந்து பார்த்தல் வேண்டும். மூன்று கம்பி மின்மோட்டராயின் அது எதிர்ப்புறமாகச் சுழல்கின்றதா என்பதையும் பார்க்க.

நீர் வராத பம்பியை ‘எப்படியும் வரும்’ என்று ஓடவிடாதீர்கள். அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு நீராலேயே குளிர்விக்கப்படுகின்றது. வறண்டு ஓடினாற் சில நிமிடங்களிற் கருகி, அதுவே வளி புகும் புதிய வழியாகிவிடும். அடிவால்வுக்கு அளவான இறப்பர் மூடி ஒன்றையும், ஹோசை இறுக்கும் கிளிப் இரண்டையும் போகத் தொடக்கத்திலேயே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்க.