இயந்திரங்களுக்கு ஒரு பொதுமொழி

பெங்களூரில் வாழும் தமிழ் மக்களுக்குப் பீனியா என்னும் பெயர் புதிதன்று. அங்குள்ள பட்டறைகளில் பணிபுரியும் தமிழர் பலர். 1940-ம் ஆண்டில் விமானத் தொழிற்சாலையும், 1953-ம் ஆண்டில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஆலையும், 1962-ம் ஆண்டில் மத்திய இயந்திரக் கருவி நிலையமும் தோன்றியதன் பயனாக, இயந்திரத் தொழில் இந்நகரில் ஆழ வேரூன்றியது. இன்று ஒரு நடுத்தரப் பட்டறைக்குள் நுழைவோமாயின், முப்பது ஆண்டுப் பழைய லேத்துக்கு அருகிலேயே அண்மையில் வாங்கிய சி.என்.சி. இயந்திரமும் ஓடுவதைக் காணலாம். பழையதற்கு உணர்கருவி பொருத்தினால், இரண்டும் தம் நிலையைக் கணிப்பொறிக்குத் தெரிவிக்கும். ஆயினும் ஒவ்வொன்றும் தன் சொந்தப் பாஷையிலேயே தெரிவிக்கும். இவ்வாறு பலவகையாக வரும் தொழில் விவரங்களை ஒரே முறைக்கு மாற்றித் தரும் மென்பொருளை அமைப்பது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

இத்தகைய தொல்லையை நம் நாடு முன்னரே கண்டிருக்கிறது. ஓர் ஊர்ப் படி மற்றோர் ஊரில் செல்லாது. சேரும் வீசையும் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்டன. 1956-ம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளைப் படிப்படியாகப் புகுத்தினோம். அன்று வியாபாரிகளுக்குக் கைகொடுத்தது மாற்றுக்கணக்கு அட்டவணை. இன்று இயந்திரங்களுக்கு வேண்டுவதும் ஏறக்குறைய அதுவே.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூன்று இயந்திரங்களின் வெப்பநிலை ஒன்றே என்று கொள்வோம். முதலாவது 72 என்கிறது. அது செல்சியஸ் கணக்கு. இரண்டாவது 1616 என்கிறது, பாரன்ஹீட் 161.6 என்பதைப் புள்ளியின்றிப் பத்தால் பெருக்கிச் சொல்லுகிறது. மூன்றாவதோ ஒரே எண்ணை இரண்டு துண்டுகளாக்கி, பின்துண்டை முன்னே அனுப்புகிறது. நேரத்திலும் இதே குழப்பம் உண்டு. ஒன்று இந்திய நேரத்தைக் குறிக்கும். மற்றொன்று அதற்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொதுநேரத்தைக் குறிக்கும். 1979-ம் ஆண்டில் தோன்றி இன்றும் ஆலைகளில் பெருவழக்காயுள்ள மாட்பஸ் முறையில், இடத்தின் எண்ணைக் கேட்டால் அங்குள்ள மதிப்பு மட்டுமே கிடைக்கும். அது வெப்பமா, வேகமா, எந்த அலகு என்பதெல்லாம் தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில்தான் இருக்கும்.

பத்து வகை இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் விவரத்தை உற்பத்திக் கணக்கு, பழுதுபார்ப்பு, மின்செலவு முதலிய ஆறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மாற்றி எழுதினால் அறுபது மாற்றிகள் வேண்டும். நடுவில் ஒரு பொதுமொழி இருப்பின் பதினாறு போதும். 2008-ம் ஆண்டில் வெளிவந்த எம்.டி.கனெக்ட், சர்வதேசத் தரமாக ஏற்கப்பெற்ற ஓ.பி.சி. யு.ஏ. ஆகியவை அத்தகைய பொதுமொழிகள்.

மென்பொருளின் அமைப்பை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம். முதற்பகுதி அந்தந்த இயந்திரத்தின் பாஷையைப் படித்தறியும். இரண்டாவது, எந்த எண் எப்பொருளுக்குரியது, அதன் அலகு யாது என்று கூறும் அட்டவணை. இதனை நிரலுக்குள் புதைக்காமல் தனியே வைத்தால், பட்டறை மேற்பார்வையாளரே பார்த்துத் திருத்தலாம். மூன்றாவது, வந்த மதிப்பு நம்பத்தக்கதா என்று சோதிக்கும். நான்காவது, மாற்றிய விவரத்துடன் மூல விவரத்தையும் சேமித்து வைக்கும். அட்டவணையில் பிழை இருந்ததென்று பின்னர் தெரியவரின், மூலம் இருந்தால்தான் திரும்பவும் சரியாக மாற்ற இயலும்.

இவற்றுள் மூன்றாவது பகுதி உயிர்நிலை போன்றது. கம்பி அறுந்து செய்தி வராதபோது மென்பொருள் அவ்விடத்தில் பூஜ்யம் இட்டுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் நின்றுவிட்டதாகத் திரையில் தோன்றும். அதை நம்பி மூடியைத் திறப்பவரின் கைக்கு ஆபத்து. ஆகவேதான் எம்.டி.கனெக்ட் முறையில், மதிப்பு தெரியாதபோது 'கிடைக்கவில்லை' என்றே எழுத வேண்டுமென விதித்துள்ளனர். ஓ.பி.சி. யு.ஏ. முறையிலோ ஒவ்வொரு மதிப்புடனும் அது நல்லதா, ஐயத்திற்குரியதா, தவறானதா என்னும் குறியும் சேர்ந்து வரும்.

அலகைக் கவனியாது விட்டதன் விளைவை உலகம் 1999-ம் ஆண்டில் கண்டது. செவ்வாயின் தட்பவெப்பத்தை ஆராயச் சென்ற அமெரிக்க விண்கலத்தின் உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் தந்தது. அதைப் பெற்றவர்கள் நியூட்டன் அளவாகக் கொண்டனர். எண்கள் ஒழுங்காகவே சென்று சேர்ந்தன. ஆனால் அவற்றின் பொருள் மாறிவிட்டது. விண்கலம் குறித்த உயரத்தினும் மிகத் தாழ்ந்து சென்று அழிந்தது.

ஆகவே, வடிவத்தை மாற்றுவது எளிது. பொருளைக் காப்பதே அரிது. அப்பொருளை அறிந்தவர் பெரும்பாலும் இயந்திரத்தின் அருகே நிற்பவரே. எந்த எண் ஏறினால் பேரிங் சூடேறுகிறது, எந்த மணி உண்மையில் பழுதைக் குறிக்கிறது என்பதை நெடுநாள் பழகியவரே சொல்ல வல்லவர். அவரைக் கலந்துகொள்ளாமல் எழுதிய அட்டவணை பார்வைக்கு அழகாயிருந்தும் பட்டறைக்கு உதவாது.

பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகமும், மேற்கூறிய இயந்திரக் கருவி நிலையமும் 'சமர்த் உத்யோக்' திட்டத்தின் கீழ் இத்துறையில் சிறு தொழில்களுக்கு வழிகாட்டும் பணியை மேற்கொண்டன. எனினும் முதல் முயற்சி பட்டறையிலேயே தொடங்கலாம். வெளிமாநிலத் தொழிற்கூடங்களில் பணியாற்றும் நேயர்கள், புது இயந்திரம் வாங்கும் சமயத்தில் மூன்று கேள்விகளைத் தயாரிப்பாளரிடம் கேட்கச் செய்வது நலம். அது பொதுமொழியில் பேசுமா? அதன் எண்களுக்குரிய பொருளும் அலகும் கொண்ட பட்டியலைத் தருவார்களா? அதன் கடிகாரத்தைத் திருத்த வழி உண்டா? விலை பேசி முடிக்குமுன்னரே இவற்றுக்கு விடையை எழுத்தில் பெற்றுக்கொண்டால், பட்டறை தன் சொந்த விவரங்களுக்காக ஒரே நிறுவனத்தை எந்நாளும் எதிர்பார்த்து நிற்க நேராது.