பற்சில்லுத் தொகுதி மாற்றமும் கியர்ச் சீரமைப்பும்

துவிச்சக்கரவண்டி மனிதன் தன் கால்வலிமையால் இயக்கும் ஊர்தியாகும். அவ்வலிமை ஓர் எல்லைக்கு உட்பட்டது; வீதியின் ஏற்றமோ அவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. இவ்விரண்டையும் இசைவிப்பதே கியரின் தொழில். பிரான்சு நாட்டிலே சென்-எற்றியென் நகரில் வாழ்ந்த போல் டி விவி (1853–1930) என்பார் பலகியர் முறையின் சிறப்பை இடையறாது எடுத்தியம்பினார். ஆயினும், 1903 இல் தொடங்கிய ‘ரூர் டி பிரான்ஸ்’ போட்டியில், டெரெய்லர் எனப்படும் கியர்மாற்றியைப் போட்டியாளர் யாவரும் பயன்படுத்த 1937 ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது.

ஏறக்குறைய 13.8 கிலோமீற்றர் நீளமும் 21 வளைவுகளும் கொண்ட அல்ப் டுயெஸ் மலைப்பாதை போன்றவற்றில் ஏற விரும்புவோர், கசெற் எனப்படும் பின் பற்சில்லுத் தொகுதியை மாற்றுவது வழக்கம். முன்னே 50, 34 பற்களுள்ள இரு பற்சில்லுகளும், பின்னே 11 முதல் 25 வரை பற்களுள்ள 11 பற்சில்லுகளும் கொண்ட வண்டியொன்றை உதாரணமாகக் கொள்ளலாம். பின்சில்லின் சுற்றளவு 2.1 மீற்றராயின், மிக இலகுவான கியரில் மிதி ஒருமுறை சுழல வண்டி 2.86 மீற்றர் செல்லும். 11 முதல் 32 வரை பற்களுள்ள தொகுதியைப் பூட்டின் அத்தூரம் 2.23 மீற்றராகக் குறையும். குறைந்த தூரத்துக்குக் குறைந்த விசை போதுமாதலின் ஏற்றம் எளிதாகின்றது.

இம்மாற்றத்தால் வேறுபடுவது எது, வேறுபடாதது எது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். இரு தொகுதிகளிலும் பற்சில்லுகளின் எண்ணிக்கை ஒன்றே. அடுத்தடுத்த பற்சில்லுகளுக்கு இடையேயுள்ள தூரமும் ஏறக்குறைய 3.7 மில்லிமீற்றராகவே இருக்கின்றது. வேறுபட்டது விட்டம் மட்டுமே. ஆகவே விட்டத்தைச் சார்ந்த சங்கிலி நீளம், கியர்மாற்றியின் கொள்ளளவு, அதன் உயரம் ஆகிய மூன்றுமே முதற்கண் கவனத்துக்குரியவை. பழகாதோர் இவற்றை விடுத்து, மாறவேண்டாத கம்பியையும் எல்லைத் திருகாணிகளையும் முதலில் திருப்பி இடர்ப்படுவர்.

கொள்ளளவாவது, கியர்மாற்றி ஏற்கக்கூடிய சங்கிலித் தளர்வின் அளவு. முன்பற்களின் வேறுபாட்டையும் பின்பற்களின் வேறுபாட்டையும் கூட்டி இது கணிக்கப்படும். பழைய தொகுதிக்கு 16 + 14 = 30; புதியதற்கு 16 + 21 = 37. சிமானோ நிறுவனத்தின் ‘அல்ரெக்ரா 6800’ வகையில், குறுங்கூடுடைய கியர்மாற்றி 33 வரையும் நெடுங்கூடுடையது 37 வரையும் ஏற்கும். எனவே குறுங்கூடுடையதை மாற்றியே ஆகவேண்டும்.

அடுத்தது சங்கிலி. அது பின் பற்சில்லின் ஏறக்குறைய அரைவட்டத்தைத் தழுவிச் செல்வதால், 7 பற்கள் கூடும்போது மூன்றரைக் கண்ணி நீளம் மேலதிகமாக வேண்டப்படும். உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் இணையாகவே சேர்க்கப்படுவதால் 4 கண்ணிகள் கூட்டப்படும். கியர்மாற்றியினூடாகச் செலுத்தாது, முன்னும் பின்னுமுள்ள மிகப்பெரிய பற்சில்லுகளைச் சுற்றிச் சங்கிலியை வளைத்து, மேலும் 2 கண்ணிகள் விட்டு நீளத்தைச் சரிபார்த்தல் மரபு. நீளம் குறைந்திருந்தால், அவ்விரு பெரும் பற்சில்லுகளிலும் சங்கிலி ஒருங்கே ஏறுகையில் கியர்மாற்றி இழுபட்டு முறியக்கூடும். தேய்ந்த சங்கிலியைப் புதிய தொகுதியில் இடுதலும் தகாது. புதிய சங்கிலியின் 24 கண்ணிகள் 12 அங்குலம். அந்நீளம் ஓர் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு கூடியிருப்பின் சங்கிலியை மாற்றுதல் நன்று.

பின்னர் உயரத் திருகாணியைத் திருப்பி, கியர்மாற்றியின் மேலுருளை மிகப்பெரிய பற்சில்லில் முட்டாது, ஆனால் அதற்கு அணுக்கமாக நிற்குமாறு அமைக்க வேண்டும். முட்டினால் இரைச்சல் எழும். மிக விலகினால் கியர் மாறுவது மந்தமாகும்.

இதன்பின்பே எல்லைத் திருகாணிகளைப் பரிசோதித்தல் முறை. வெளியெல்லையில் மேலுருளை மிகச்சிறிய பற்சில்லுக்கும், உள்ளெல்லையில் மிகப்பெரிய பற்சில்லுக்கும் நேர்கீழே நிற்றல் வேண்டும். உள்ளெல்லை பிழைத்தால் சங்கிலி பற்சில்லைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழும். சில்லு திடீரென இறுகி, ஏற்றத்தில் மெல்ல ஊர்பவனும் வீழ்வான். ஆதலால் இச்சோதனையை வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றிச் செய்தல் வேண்டும்.

கம்பியின் இறுக்கம் இறுதியிலே வருவது. சங்கிலி பெரிய பற்சில்லுக்கு ஏறத் தயங்கினால் சீராக்கும் குமிழை இடஞ்சுழியாகக் காற்சுற்றுத் திருப்பலாம். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகத் திருப்பலாம். பெரும்பாலும் இவ்வளவே போதும்.

முந்திய படி பிழையாயிருக்கப் பிந்திய படியால் அதனைத் திருத்த முயல்வது வீண். குறுகிய சங்கிலியை எந்தத் திருகாணியும் நீட்டாது. மாறியது எது என அறிந்து, அதனைச் சார்ந்தவற்றை மட்டும் ஒழுங்குமுறையாகச் சீர்செய்பவனுக்கு வேலையும் குறையும். மலைப்பாதையில் அச்சமும் குறையும்.