தினம் ஒரு படம்!

சூரியன் எங்கே மறைகிறது?

"மேற்கே" என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால், நேற்று மறைந்த அதே இடத்தில் இன்று மறைவது இல்லை!

குமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கிறது இராஜாக்கமங்கலம். அங்கே கடற்கரையில் ஓர் இடத்தில் நின்று, அந்திச் சூரியனைப் படம் பிடியுங்கள். மேகம் இல்லாத நாளில் எல்லாம், அதே இடத்தில் நின்று எடுங்கள். ஓர் ஆண்டு கழித்துப் படங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

டிசம்பரில் தென்மேற்கே கடலுக்குள் இறங்கிய சூரியன், ஜூனில் வடமேற்கே கரைப்பக்கம் ஒதுங்கி இருக்கும்!

கண்ணுக்குத் தெரியாமல் நடந்த மாற்றத்தைப் படம் காட்டிவிடுகிறது. "தினம் ஒரு படம்" என்ற பொழுதுபோக்கின் சுவையே இதுதான்.

18 ஆண்டுப் பழக்கம்

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். மாணவராக இருந்தபோது, 1979 மார்ச் 31-ந்தேதி, இந்தப் பழக்கத்தைத் தொடங்கினார். நாளைக்கு ஒரே ஒரு படம்!

அவரிடம் இருந்தது போலராய்டு காமிரா. பொத்தானை அழுத்தினால், படம் உடனே காமிராவில் இருந்து வெளியே வந்துவிடும்.

நண்பர்கள், வீடு, தெரு, சாப்பாடு என்று சாதாரணக் காட்சிகளையே அவர் எடுத்தார். 18 ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

பிறகு நோய் வந்தது. மூளையில் கட்டி. ஆஸ்பத்திரியிலும் பழக்கம் நிற்கவில்லை. 1997 அக்டோபர் 25-ந்தேதி, தம் 41-வது பிறந்த நாளில் அவர் இறந்தார். அன்றைக்கும் ஒரு படம் உண்டு!

2007-ல் நண்பர்கள் அந்தப் படங்களை, அவர் படித்த பார்டு கல்லூரியில் கண்காட்சியாக வைத்தார்கள். அற்பம் என்று தோன்றும் காட்சிகள் சேர்ந்து, ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதை ஆகிவிட்டன!

எதை எடுப்பது?

இன்று செல்போனிலேயே காமிரா இருக்கிறது. செலவு இல்லை. கொஞ்சம் கற்பனை இருந்தால் போதும்.

ஒரே வயலை எடுங்கள். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். நாற்று, பச்சைப் பயிர், பொன் கதிர், அறுத்த தாள் என்று ஒரே வயல் எத்தனை வேஷம் போடுகிறது பாருங்கள்!

காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும். நிழல் நீளும். கடற்கரை மணலில் பதிந்த காலடிகூட அப்போது அழகாகத் தெரியும்.

நடுப்பகலிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும், ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் பிறக்கும்போதும், குமரிப் பகுதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு வையுங்கள். பகல் 12 மணி 20 நிமிட அளவில் கம்பின் நிழலைக் காணோம்! அதைப் படம் பிடியுங்கள். ஆனால் சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

மூன்று விதிகள்

நாளைக்கு ஒரு படத்தை மட்டும் தேர்ந்து எடுத்து வையுங்கள்.

தேதியுடன் ஒரு வரி எழுதுங்கள்.

பிறரைப் படம் எடுக்கும் முன் அவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

செல்போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாமே போய்விடும். ஆகவே மாதம் ஒரு படத்தையாவது அச்சுப்போட்டு வையுங்கள்.

அம்மா எங்கே?

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் எல்லோரும் படம் எடுக்கிறோம். அம்மா அடுப்படியில் தோசை சுடுவதை யார் எடுக்கிறோம்? தாத்தா வலைக்கண்ணியைச் சரிசெய்வதை யார் எடுக்கிறோம்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போன குமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. போனவர் முகத்தை வீட்டார் இனிப் படத்தில்தான் பார்க்க முடியும்.

சாதாரண நாள் என்று ஒன்று கிடையாது. கடந்து போன பிறகுதான் அதன் அருமை தெரிகிறது.

இன்றைய படத்தை எடுத்துவிட்டீர்களா?