கணக்கில் வராத தூக்கம்

கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வராது. நம் வீட்டுப் பெண்களின் தூக்கம் நாள்தோறும் குறைந்துகொண்டே போவதை நாம் கணக்கில் வைப்பதில்லை.

நாற்பது ஆண்டுகளாக மளிகை மண்டி நடத்துகிறோம். இரவு பத்தரைக்குக் கடை அடைத்து வீடு போய்ச் சேரும்போது சாப்பாடு சூடாக இருக்கும். பாத்திரம் கழுவி, அடுப்படி துடைத்து எங்கள் வீட்டம்மா படுக்கப் பன்னிரண்டாகிவிடும். காலை ஐந்து மணிக்கு நாங்கள் லோடு இறக்கக் கிளம்புமுன் எழுந்து காப்பி போட்டிருப்பார். எங்களுக்காவது மதியம் மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர முடிந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்ததில் ரத்தக் கொதிப்பு. "இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்?" என்று டாக்டர் எங்களைக் கேட்டார். மண்டியில் எந்தச் சரக்கு எத்தனை மூட்டை இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லும் எங்களுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015-ல் பரிந்துரைத்தார்கள். நெடுநாள் இது குறைந்தால் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதய நோய், மனச்சோர்வு ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது. தூக்கம் வராத தொல்லை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மாதவிலக்கு நிற்கும் வயதில் உடல் திடீரெனச் சூடேறி வியர்த்து விழிப்பு வரும். இரும்புச் சத்து குறைந்தால் இரவில் கால் குடைச்சலும் வரக்கூடும். இவற்றை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். நம் வீடுகளில் கடை நேரமும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இப்போது நாங்கள் ஒன்பது மணிக்கே கடை அடைக்கிறோம். ஆரம்பத்தில் வியாபாரம் சற்றுக் குறைந்தது. பிறகு வாடிக்கையாளர்கள் முன்னதாக வரப் பழகிக்கொண்டார்கள். சாப்பிட்ட தட்டை நாங்களே கழுவுகிறோம். காலைக் காப்பியும் எங்கள் கையால்தான். வீட்டம்மா பத்து மணிக்குப் படுக்கிறார். மாத்திரையோடு தூக்கமும் சேர, கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது.

டாக்டர் கேட்ட கேள்வியை இன்றிரவு நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.