இரும்பை மாகாளம்: சினம் பாடிய இடம்

எதிரே தோன்றும் மாகாளேசுவரர் ஆலயம் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலமேயாயினும், இங்கு வருவோர் பெரிதும் கேட்க விரும்புவது கடுவெளிச் சித்தரின் கதையையே. திருவிழாவில் ஆடிய வள்ளி என்னும் நர்த்தகியின் காலிலிருந்து நழுவிய சிலம்பை, நடனம் தடைபடாதிருக்கத் தாமே எடுத்துப் பூட்டிய அத்துறவியைச் சபையோர் எள்ளி நகையாட, அவர் சினந்து பாடிய கணத்தில் மூலலிங்கம் வெடித்துச் சிதறிற்று என்றும், பின்னர் அரசன் அதனைச் செப்புத் தகட்டால் பிணைத்தான் என்றும் ஸ்தல ஐதீகம் உரைக்கிறது.

இகழப்பட்டவன் பாட்டையே ஆயுதமாக ஏந்துவது இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. 1988-இல் கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரிலிருந்து, காவலரின் கொடுமையையும் தெருவின் குரூரத்தையும் ஒளிக்காமல் உரைத்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘கேங்ஸ்டர் ராப்’ புறப்பட்டது. 2006-இல் மலேசியத் தமிழர் யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு, ராப்பின் மிடுக்கைத் தமிழ்ச் செவிகளுக்குப் பழக்கிற்று. ‘கேங்ஸ்டர் ராப்’ பாடகர்களான டாக்டர் ட்ரே, ஸ்னூப் டாக், ஐஸ் க்யூப் ஆகியோர் 2000-இல் ஒன்றாக மேடையேறிய சுற்றுப்பயணத்தை நரை கண்ட ரசிகர்கள் இன்றும் ஏக்கத்துடன் பேசுவர். பெண்களை இழித்த வரிகளும் அங்கே ஒலித்தன என்பதை அவ்வேக்கம் சௌகரியமாக மறந்துவிடுவதுண்டு. சித்தரின் சினமோ ஒரு பெண்ணுக்குச் செய்த சிறு உபகாரத்தில் பிறந்தது.

செப்புத் தகடு பூண்ட லிங்கத்தைக் கருவறையில் காணலாம்.