மஞ்சள் விளக்கு எரிந்தது: 7,460 வெள்ளி!

தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அப்பா, அம்மா, மனைவி, மகள் எல்லாரையும் என் காரிலேயே பினாங்கு தண்ணீர்மலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். அன்று மாலை வேலை முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும்போது, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

என்னுடையது ஜெர்மன் கார். ஸ்போர்ட்டி ரகம், பெரிய ரிம், தாழ்ந்த உடம்பு. புதிதாக வந்தபோது மூன்று லட்சம் வெள்ளிக்குப் பக்கம் விற்றது. எட்டு வயதானபின் நான் 95,000 வெள்ளிக்கு வாங்கினேன். மாதத் தவணை என் சம்பளத்துக்குள் அடங்கியது. அதோடு கணக்கை முடித்துக்கொண்டேன், அங்கேதான் தப்பு.

பெரிய சேவை மையம் ஒன்றில் காட்டினேன். அரை மணி நேரத்தில் தாள் நீட்டினார்கள். முன் டிஸ்க் ஜோடி 2,600, முன் பேட் 1,150, பின் டிஸ்க் 1,900, பின் பேட் 850, சென்சர் இரண்டும் 260, பிரேக் எண்ணெயும் கூலியும் 700. மொத்தம் 7,460 வெள்ளி. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார்கள். மனைவியின் மைவிக்கு போன வருடம் முன் பேட் மாற்ற இருநூறு வெள்ளி கூட ஆகவில்லை. மகளின் பள்ளிச் செலவுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. அப்பாதான், "காரோட விலை இறங்கிடுச்சு, சாமானோட விலை இறங்குமாடா?" என்றார். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். நான்தான் கேட்கவில்லையே!

மறுநாள் மச்சான் சொன்ன பட்டறைக்குப் போனேன். பூச்சோங்கில் சின்ன இடம். ஆனால் ஐரோப்பிய கார்களை மட்டுமே பார்க்கும் தமிழ் ஃபோர்மன். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் கனத்தை அளவுகோல் வைத்து அளந்தார். அந்த டிஸ்க் புதிதாக இருக்கும்போது 30 மில்லிமீட்டர். 28.4-க்குக் கீழே போகக்கூடாது என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறது. என்னுடையது 28.1. "முன்னாடி கட்டாயம் மாத்தணும் தம்பி. பின்னாடி பேட் இன்னும் பாதிக்கு மேல இருக்கு, டிஸ்க்கும் அளவுக்குள்ள இருக்கு. அதை ஏன் இப்ப தொடணும்?" என்றார்.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்டேன். இந்தக் கார் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும். அதனால் டிஸ்க் பெரிதாக, நடுவில் காற்று போகும்படி இருக்கிறது. ஐரோப்பிய பேட் நன்றாகக் கவ்விப் பிடிக்கும். பிடிக்கும்போது டிஸ்க்கையும் சேர்த்தே தின்னும். ரிம்மில் படியும் கறுப்புத் தூள் அதுதான். பல கார்களில் இரண்டாம் முறை பேட் மாற்றும்போது டிஸ்க்கும் போய்விடுகிறது. சென்சர் என்பது பேட்டுக்குள் புதைந்த ஒரு கம்பி. பேட் தேயும்போது அதுவும் தேய்ந்து அறுந்தால் விளக்கு எரியும். அறுந்ததைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. முன்னால் ஒரு சக்கரத்தில் மட்டும்தான் அது இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மற்ற பக்கம் அதைவிடத் தேய்ந்திருந்தாலும் கார் சொல்லாது.

என் நிலைமை எவ்வளவோ மேல் என்று ஆறுதலும் சொன்னார். போர்ஷ கார்களில் மஞ்சள் கேலிப்பர் பார்த்திருப்பீர்கள். அது செராமிக் டிஸ்க்கின் அடையாளம். நான்கையும் மாற்றினால் பல்லாயிரம் வெள்ளி. ஒரு புது சாகாவையே வாங்கிவிடலாம்.

கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாமல், அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கே பேட், டிஸ்க் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளின் பொருளைப் போட்டால் போதும் என்றார். டெக்ஸ்டார், ஏடிஇ, பிரெம்போ எல்லாம் அந்த வகைதான். டிஸ்க் 1,300, பேட் 520, சென்சர் 90, எண்ணெய் 120, கூலி 200. மொத்தம் 2,230 வெள்ளி. ஆன்லைனில் 150 வெள்ளிக்குப் பேட் இருக்கிறதே என்று தொலைபேசியைக் காட்டினேன். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதைப் போடணும்னா வேற ஃபோர்மனைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிரேக் எண்ணெயை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய், நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் வாங்கிய பிறகு மாற்றியதே இல்லை. கழற்றிய எண்ணெய் கோப்பி ஓ மாதிரி இருந்தது.

புது பேட்டைப் பழக்க வேண்டும் என்று ஃபோர்மன் என்னோடு வந்து உட்கார்ந்தார். காலியான சாலையில் 80-லிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் மறுபடி ஏற்ற வேண்டும். பத்து முறை அப்படி. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, அவசரம் இல்லாவிட்டால் திடீரென்று அழுத்தக் கூடாது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலை புறப்பட்டோம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப் பாதைப் பக்கம் வரும் இறக்கத்தில் எத்தனையோ லோரிகள் பிரேக் பிடிக்காமல் போயிருக்கின்றன. பக்கத்து இருக்கையில் அப்பா. "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு" என்றார். கியரைக் குறைத்தேன். இஞ்சின் உறுமியது. மகள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின் சக்கரத்துக்கு இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று ஃபோர்மன் கணக்கு. அதில் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் இருப்பதால் கணினியை மாட்டித்தான் திறக்க வேண்டுமாம், கூலி கூடும். மாதம் 200 வெள்ளி தனியாகப் போட்டு வருகிறேன். அந்தக் கணக்குப் புத்தகம் இப்போது மனைவியிடம் இருக்கிறது.